நங்கூரக் காவல்

பன்னிரண்டு பேரை இறக்கிவிட்டோம்,
ஒவ்வொருவராக.
ரப்பர் படகு அலையின் முதுகில் ஏறும் நொடி பார்த்து
"இப்போது" என்பார் தோர்மத்.
இப்போது என்றால் இப்போதுதான்,
முந்தைய மூச்சிலும் இல்லை, அடுத்த மூச்சிலும் இல்லை.
பாசிப் பாறையில்
கிளாஸ்கோ பல் மருத்துவர் நாலு காலில் ஏறினார்.
எல்லோரும் கைதட்டினார்கள்.
எழுந்து நின்று அவரும் தட்டிக்கொண்டார்.

வரும் வழியில் ஐந்து பேர்
வாளியைக் கட்டிக்கொண்டு கிடந்தவர்கள்.
என் உருளைக்கிழங்கு சூப்பை ஒருவரும் தொடவில்லை.
கரையில் கால் பட்டதும்
கடலென்று ஒன்றைக் கண்டதே இல்லை என்பதுபோல்
சிரிப்பு, புகைப்படம்,
காலணிக் கயிற்றை இறுக்குகிற அவசரம்.
வழிகாட்டி ஈஷ்பல் முன்னே நடந்தாள்.

தோர்மத் தொப்பியை முகத்தில் கவிழ்த்துத் தூங்கிப்போனார்.
எனக்குக் காவல்.
காவல் என்பது இவ்வளவுதான்:
கூரையில்லாத வீட்டின் புகைக்கூண்டும்
அதன் பின்னால் ஒற்றைப் பாறையும்
ஒரே கோட்டில் நிற்க வேண்டும்.
நின்றால் நங்கூரம் பிடித்திருக்கிறது.
விலகினால் தோர்மத்தை உதைத்து எழுப்ப வேண்டும்.

அந்த வீட்டில் கடைசியாக அடுப்பெரித்தவர்கள்
ஆடுகளை விட்டுவிட்டுக் கப்பலேறினார்களாம்.
ஆடுகள் இருக்கின்றன.
ஒன்பது கோடையாக வருகிறேன்,
இருபத்தாறு முறை.
ஒரு முறைகூட இறங்கியதில்லை.
வரைபடம் கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு வரைவேன்,
கடல் பார்த்த பக்கத்தை மட்டும்.

மலையில் அவர்கள் இப்போது புள்ளிகள்.
சிவப்பு, பல் மருத்துவர்.
அருகருகே இரண்டு நீலம்,
லீத்திலிருந்து வந்த அக்கா தங்கை,
ஏதோ வீட்டு விஷயமாகப் பேச்சை நிறுத்திக்கொண்டவர்கள்.
மஞ்சள், யூனா,
டண்டீயில் பேருந்து ஓட்டுகிறவள்.
ராத்திரியெல்லாம் சுக்கானருகே நின்று
"கொஞ்சம் நான் ஓட்டட்டுமா" என்று கேட்டு
தோர்மத்தின் உயிரை எடுத்தவள்.

மஞ்சள் வரிசையை விட்டு விலகியது.
புகைக்கூண்டுக்கு மேலே, சரிவில், நின்றது.
கையை வீசியது.
ஒரு கை என்றால் வணக்கம்,
இரண்டு கை என்றால் ஆபத்து,
காலையில் நான்தான் சொல்லிக்கொடுத்தேன்.
அவள் வீசியது ஒன்றா இரண்டா?
தொலைநோக்கியைத் துடைத்துத் திரும்ப வைப்பதற்குள்
வாடைக் காற்று மூடுபனியைத் தள்ளிக்கொண்டு வந்தது.
வீடு போனது. பாறை போனது.
பன்னிரண்டு பேரும் போனார்கள்.

இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை ஊதினேன்.
ஆயிரம் பறவைகள் திட்டின.
தோர்மத் எழுந்து, கேட்காமலே,
சங்கிலியில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார்.
"பிடித்திருக்கிறது" என்றார்.
நான் நங்கூரத்தைப் பற்றிக் கவலைப்படவில்லை.

நாற்பது நிமிடம் கழித்துப்
பாறை விளிம்பில் நிழல்கள்.
எண்ணினேன். பதினொன்று.
மறுபடி எண்ணினேன்.
மஞ்சள் இருக்கிறது, நீலத்தில் ஒன்று குறைகிறது.
அடிவயிற்றில் ஐஸ்.
அப்புறம்தான் பார்த்தேன்,
மஞ்சளுக்குள் இருந்தது லீத் தங்கை,
பற்கள் கிடுகிடுக்க.
அவளைத் தாங்கிப் பிடித்திருந்தாள் அக்கா.
கடைசியில், சட்டைக் கையோடு,
நனைந்த பூனையாக, யூனா. பன்னிரண்டு.

சூப் பானையின் அடி தெரியும்வரை குடித்தார்கள்.
யூனா இரண்டு கிண்ணம்.
"நான் கையாட்டினேனே, பார்த்தாயா?"
"ஒரு கையா, இரண்டு கையா?"
"எத்தனை இருந்தாலும் என்ன,
உன்னைத்தான் கூப்பிட்டேன். ஏறி வா என்று.
அங்கிருந்து பார்த்தால் உன் படகு
சோப்புத் துண்டு மாதிரி இருந்தது."

அரை மணி நேரம் அவள் காவல் இருப்பாளாம்,
நான் போய் வரலாமாம்.
திரும்பினேன். ஓதம் மாறிவிட்டது,
தோர்மத் சங்கிலியைச் சுருட்டத் தொடங்கியிருந்தார்.

இரவு மேல்தளம் கழுவினேன்.
இருபத்துநான்கு காலணிகளின் சேறு,
கறுப்பாக, கொழகொழவென்று,
ஏணியடியில் தேங்கிக் கிடந்தது.
குழாயைத் திறப்பதற்கு முன்
காலணியைக் கழற்றி, காலுறையையும் கழற்றி
சற்று நேரம் அதில் நின்றேன்.
குளிர்ந்தது.
ஆட்டுப் புழுக்கையும் கலந்திருந்தது.